வடசென்னையில் பறவை பார்க்கவும் படம் எடுக்கவும்: நீரின் நேரம் பார்த்துக் கிளம்ப ஒரு முழு வழிகாட்டி

டிசம்பர் மாத ஞாயிறு. விடியுமுன் எழுந்து நான்கு பேர் எண்ணூர் கழிமுகத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். பாலத்தடியில் இரண்டு கொக்கு, கம்பியில் ஒரு மீன்கொத்தி. ஒன்பது மணிக்குத் திரும்பிவிடுகிறார்கள். "எண்ணூர்ல இப்ப பறவையே இல்லை" என்ற பேச்சும் அவர்களோடு ஊருக்குள் வருகிறது. அன்றே மதியம் இரண்டு மணிக்கு மேல் அதே இடத்தில் சேறு வெளியே தெரியும். உள்ளான்கள் கூட்டமாக இறங்கி இரை பொறுக்கிக்கொண்டிருக்கும். நீர் ஏறியிருந்த நேரத்தில் போனதுதான் பிழை.

வடசென்னையில் எந்தப் பறவை எந்த நேரத்தில் கண்ணில் படும் என்பதை நீர்மட்டம்தான் தீர்மானிக்கிறது. அதனால் இங்கே கேமராவுக்கு முன்னால் நீரைப் பற்றிப் பேசிவிடுவோம்.

ஏற்றமும் வற்றமும்

நம் கடற்கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். ஏறி இறங்கும் உயரம் பெரிய நாட்களில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் எண்ணூர்ச் சேற்றுத்திட்டுகள் தட்டையானவை. அரை மீட்டர் நீர் இறங்கினாலே பரந்த சேறு வெளியே வந்துவிடும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சென்னைக் கடலில் பெரும்பாலும் காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில் ஏற்றம் உச்சத்தில் இருக்கும். விடுமுறை காலையில் போய் ஏமாறுவது இந்த நாட்களில்தான். நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகும் கணக்கில், சதுர்த்தி, பஞ்சமி வாக்கில் ஏற்றம் நண்பகலுக்கு நகர்ந்துவிடும்; வற்றம் விடியற்காலைக்கு வரும். அதாவது சூரியன் எழும்போது சேறு திறந்து கிடக்கும். அதன் பிறகு நீர் மெல்ல ஏறி, இரை தேடும் பறவைகளைக் கரைப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வரும். படம் எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல காலை அமையாது. நாம் அவற்றை நோக்கி ஓரடி வைக்க வேண்டாம், நீரே கொண்டுவந்து சேர்க்கும்.

நாட்காட்டியில் திதியைப் பார்த்து நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். முந்தின இரவு இணையத்தில் சென்னைத் துறைமுகத்துக்கான ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையை எடுத்து நேரத்தை உறுதிசெய்யுங்கள். அட்டவணை சொல்வது கடலின் நேரம். கழிமுகத்துக்குள் போகப்போக அது பிந்தும். எவ்வளவு பிந்துகிறது என்பதை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்: ஒரு பாலத்தூணிலோ கல்லிலோ ஈரக்கோட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மூன்று நான்கு முறை போனால் கணக்கு பிடிபட்டுவிடும். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வாய் குறுகியிருக்கும் மாதங்களில் உள்ளே ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறையும். அப்போது அட்டவணை அவ்வளவாகக் கைகொடுக்காது.

ஏரிகளில் ஓதம் கிடையாது, மழைதான் கணக்கு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்து ஏரிகளை நிரப்பும்போது, கரையோரச் சேற்றில் நடந்து மேயும் பறவைகளுக்கு இடம் இருக்காது. வாத்து, நாமக்கோழி, முக்குளிப்பான், கூழைக்கடா ஆகியவை நடு நீரில் பரவிக் கிடக்கும். ஜனவரி கடைசியிலிருந்து நீர் வடிய வடிய ஓரங்கள் திறக்கும். நத்தைக்குத்தி நாரை, நெடுங்கால் உள்ளான், அரிவாள்மூக்கன் எல்லாம் இறங்கும். பழவேற்காட்டில் பூநாரைகளும் இப்படித்தான். அவற்றுக்கு நின்று, தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை அரித்துத் தின்ன ஆழம் குறைந்த நீர் வேண்டும். மழை அதிகமான ஆண்டில் டிசம்பரில் போய்த் தேடுவதைவிட பிப்ரவரி வரை பொறுப்பது நல்லது.

எந்த இடத்துக்கு எதற்காக

முதல் மாதம் ஏரிகளில் பழகுங்கள். இரட்டை ஏரி, மாதவரம் ஏரி, கொரட்டூர் ஏரி மூன்றும் பேருந்தில் போகக்கூடியவை. நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி, பாம்புத்தாரா, நீர்க்காகம், கருப்பு வெள்ளை மீன்கொத்தி எல்லாம் பெரியவை, நிறம் தெளிவானவை, மனிதர் நடமாட்டத்துக்குப் பழகியவை. பைனாகுலர் பிடிக்கக் கை பழக இவை போதும். புழல் ஏரி குடிநீர் நீர்த்தேக்கம். கரைமேல் எங்கும் ஏறிப் போக முடியாது. காவலர் இருக்கும் பகுதியில் அனுமதி கேட்டுவிட்டே கேமராவை வெளியே எடுங்கள். மாதவரம் தாவரவியல் பூங்கா மரப்பறவைகளுக்கு: குக்குறுவான், மாங்குயில், தேன்சிட்டு, மாம்பழச்சிட்டு, செண்பகம்.

பறக்கும் பறவையைப் படமெடுக்கப் பழக காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போல ஓர் இடம் கிடையாது. கரும்பருந்தும் செம்பருந்தும் மீன் கழிவுக்காக வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். பெரிய பறவை, மெதுவான திருப்பம், திரும்பத் திரும்ப அதே பாதை. ஒரு மணி நேரத்தில் நூறு வாய்ப்பு கிடைக்கும். குளிர்காலத்தில் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் சேரும். ஏலம் நடக்கும் இடத்தில் வழியை மறித்து நிற்காதீர்கள். அது அவர்களின் வேலை நேரம். முகங்களைக் கேட்காமல் எடுக்கவும் கூடாது.

எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் கழிமுகம், அலையாத்தி, உப்பளம், திறந்த சேறு எல்லாம் அடுத்தடுத்து வரும். கும்மிடிப்பூண்டி வழி மின்சார ரயிலில் எண்ணூரிலோ அத்திப்பட்டு புதுநகரிலோ இறங்கலாம். இங்கே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் சூழ்ந்த பகுதி இது. அவற்றின் வாயில், மதில், கப்பல்துறை பக்கம் பெரிய லென்ஸைத் திருப்பினால் காவலர்கள் வந்து நிறுத்துவார்கள். ட்ரோன் எண்ணமே வேண்டாம். இரண்டு, சாம்பல் படிந்த சேறு. மேலே காய்ந்து தரைபோல் தெரியும், காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும். கால்தடமோ மாட்டுத்தடமோ இல்லாத சாம்பல் நிறத் தரையில் இறங்காதீர்கள். சேற்றில் கிடக்கும் ஆளி, மட்டி ஓடுகள் பிளேடு போல வெட்டும். செருப்பு உதவாது, கணுக்காலை மூடும் ஷூ வேண்டும்.

பழவேற்காடு போக பொன்னேரி நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. படகுச் சவாரியை நம்பித் திட்டமிடாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. வனத்துறை சொல்வதைக் கேட்டு, கரையிலிருந்தும் அண்ணாமலைச்சேரி பக்கத்திலிருந்தும் பாருங்கள். மோட்டார் சத்தத்தோடு படகு பூநாரைக் கூட்டத்தை நெருங்கினால் கூட்டம் முழுவதும் எழுந்துவிடும். கரையில் அமைதியாக உட்கார்ந்தால் அவை மேய்ந்தபடியே நகர்ந்து வரும்.

சூரியன் எந்தப் பக்கம்

நமக்குச் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலையில் கழிமுகத்தின் மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். நிறமும் தெரியாது, இனமும் தெரியாது. காலை வேளைக்குக் கடல்பக்கச் சாலையில் நின்று மேற்கே பாருங்கள், மாலைக்கு மறுகரை. கிளம்பும் முன் செல்பேசி வரைபடத்தைத் திறந்து, நிற்கப்போகும் இடத்திலிருந்து நீர் எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை. ஓதம் சரியாகப் பார்த்து, திசையைத் தவறவிட்டு, மொத்தக் காலையையும் கறுப்பு நிழலாக்கிக்கொண்டு வருபவர்கள் நிறைய.

ஜனவரியில் சூரியன் ஆறரை மணி வாக்கில் எழும். ஏழிலிருந்து எட்டரை வரை ஒளி நன்றாக இருக்கும். ஒன்பதுக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழும். தூரத்துப் பறவை நீருக்கடியில் இருப்பதுபோல நெளியும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது, ஃபோகஸ் பழுது என்று கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடவும் வேண்டாம். கானல் வந்துவிட்டால் தூரத்தை விட்டுவிட்டு 20, 30 மீட்டருக்குள் இருக்கும் பறவைகளை எடுங்கள்.

பைனாகுலர்

ஒரே ஒரு பொருள் வாங்க முடியுமென்றால் அது 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம்) பைனாகுலராக இருக்கட்டும். 10 மடங்கு வகை இன்னும் பெரிதாகக் காட்டும்தான். ஆனால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், பார்வைப் பரப்பும் குறையும், பறக்கும் பறவையைத் தேடிப் பிடிப்பது கடினம்.

வாங்கியதும் கண்ணுக்கேற்ப ஒருமுறை சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் தலைவலியோடு பார்ப்பவர்கள் உண்டு. இரண்டு குழாய்களையும் மடக்கி விரித்து இரு வட்டங்கள் ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். தூரத்தில் எழுத்துள்ள பலகை ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். வலது குழாயின் முன்பக்கத்தை மூடியால் மறைத்து, இரண்டு கண்ணையும் திறந்தபடியே நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்கு எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மறைத்து, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பகுதியில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தின் அளவை நினைவில் வையுங்கள். இனிமேல் நடுச் சக்கரம் மட்டும் போதும். கண்ணாடி அணிபவர்கள் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிவிட வேண்டும்.

பறவையைக் கண்டதும் கண்ணை அதிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துபோகும்.

போய்ச் சேர்ந்ததும்

முதல் பத்து நிமிடம் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். இடமிருந்து வலமாக மெதுவாக ஒருமுறை முழுப் பரப்பையும் அலசுங்கள். எந்தப் பறவை எங்கே மேய்கிறது, எங்கே கூடி ஓய்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்த பிறகே எங்கே உட்காருவது என்று முடிவு செய்யுங்கள்.

பெரிய கூட்டத்தை எண்ண, முதலில் பத்துப் பறவையைச் சரியாக எண்ணி அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்குங்கள். அந்த அளவைக் கூட்டத்தின் மேல் வரிசையாக வைத்து வைத்து எண்ணிக்கொண்டு போகலாம்.

இனம் காண நிறத்திலிருந்து தொடங்காதீர்கள், ஒளி அதை மாற்றிவிடும். மைனாவைவிடப் பெரிதா, காக்கை அளவா, கொக்கு உயரமா? அலகு எவ்வளவு நீளம், நேரா வளைவா? கால் என்ன நிறம்? ஓடி நின்று கொத்துகிறதா, நடந்துகொண்டே குத்துகிறதா? இந்த வரிசையில் கேளுங்கள்.

வெள்ளைக் கொக்குகளில் எல்லோரும் தடுமாறுவார்கள். கருப்பு அலகு, கருப்புக் கால், ஆனால் மஞ்சள் பாதம் என்றால் சின்னக் கொக்கு. குட்டையான மஞ்சள் அலகோடு மாட்டின் பின்னால் போவது உண்ணிக்கொக்கு. பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிக்க வாய்க்கோட்டைப் பாருங்கள். பெரிய கொக்குக்கு அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரத்துக்குக் கண்ணுக்குக் கீழேயே நிற்கும். இனப்பெருக்க காலத்தில் இவற்றின் மஞ்சள் அலகு கறுத்துவிடும் என்பதால் அலகு நிறத்தை மட்டும் நம்பக்கூடாது.

சேற்றில் ஓடும் சிறு பறவைகள் இதைவிடக் கடினம். ஓடி, சட்டென்று நின்று, கொத்தினால் பிளவர் (plover) வகை. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் மார்பில் முழுப் பட்டையும் இருந்தால் பட்டாணி உள்ளான். பின்கழுத்தில் வெள்ளைக் காலர் சுற்றி வந்து, மார்புப் பட்டை நடுவில் விட்டுப்போயிருந்தால் கென்டிஷ் பிளவர். வெள்ளைக் காலரே இல்லாமல் மார்பின் இரு ஓரமும் மண்நிறமாக இருந்தால் சேண்ட் பிளவர். இவற்றைவிடச் சிறியதாக, தலை நிமிராமல் தையல் இயந்திரம் போல் குத்திக்கொண்டே போவது கொசு உள்ளான். அதன் கால் கருப்பு. ஒரு காலை முழுக்க இந்த நான்கை மட்டும் பார்த்துப் பழகினாலும் அது நல்ல காலைதான்.

கேமரா

லென்ஸ் 300 மி.மீ. இருந்தால் ஏரிக்குப் போதும், கழிமுகத்துக்கு 500, 600 உதவும். லென்ஸைக் கழற்ற முடியாத, பெரிய ஜூம் கொண்ட கேமராக்களும் நல்ல ஒளியில் நன்றாகவே எடுக்கும்.

உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, நடந்து மேய்வதற்கு 1/1000, பருந்து, நாரை பறப்பதற்கு 1/2000, ஆலாவுக்கும் மீன்கொத்திக்கும் 1/3200. லென்ஸின் துளை (aperture) எஃப் 5.6 அல்லது 6.3. ஐஎஸ்ஓவை (ஒளியுணர் திறன்) தானியங்கியில் விட்டு உச்சவரம்பை 3200 அல்லது 6400 என்று வையுங்கள். ஐஎஸ்ஓ கூடினால் வரும் புள்ளிகளை மென்பொருளில் குறைக்கலாம், அசைந்து மங்கிய கண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஃபோகஸைத் தொடர் முறையில் வைத்து, ஃபோகஸ் இடமாக ஒற்றைப் புள்ளியையோ சிறு வட்டத்தையோ தேர்ந்துகொள்ளுங்கள். பறவைக் கண் அறியும் வசதி இருந்தால் அதையே போடுங்கள். கோரைக்குப் பின்னால் பறவை நின்றால் அந்த வசதி புல்லைப் பிடிக்கும், அப்போது ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள்.

வெளிச்ச அளவில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். கறுத்த சேற்றின் நடுவே சின்னதாக ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால், கேமரா சேற்றைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடும். கொக்கின் சிறகு வெறும் வெள்ளைக் காகிதமாகும். வெளிச்சத்தை ஈடுசெய்யும் அளவை (exposure compensation) -0.7 முதல் -1 வரை இறக்குங்கள். அதே கொக்கு படச்சட்டம் முழுவதும் நிறைந்தால் நிலைமை தலைகீழ்: கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், +0.3 முதல் +0.7 வரை ஏற்றுங்கள். பளிச்சென்ற வானத்தில் பருந்து என்றால் +1 அல்லது அதற்கும் மேல், இல்லையென்றால் அடிவயிறு கறுப்பாகிவிடும்.

உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்த படத்தில் பறவை சேற்றில் ஒட்டினாற்போல் இருக்கும். உட்காருங்கள், முடிந்தால் படுங்கள். பறவையின் கண்மட்டத்துக்கு லென்ஸ் வந்ததும் பின்னணி தூரம் போய்க் கரையும். முக்காலி சேற்றில் இறங்கும். பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டித் தைத்து, ஒன்றரைக் கிலோ பச்சைப்பயறு போட்ட பை இங்கே சிறந்த தாங்கி. முக்கால்வாசிதான் நிரப்ப வேண்டும், இறுக நிரப்பினால் லென்ஸ் உருளும். நனைந்துவிட்டால் அன்றே பயறை மாற்றுங்கள்.

தெரியாத பறவை என்றால் முதலில் எவ்வளவு தூரமானாலும் ஓர் ஆதாரப் படம் எடுத்துவிடுங்கள். அழகான படத்துக்கு அப்புறம் காத்திருக்கலாம்.

நெருங்கும்போது நேராக நடக்காமல், வேறெங்கோ போவதுபோலச் சாய்வாக நடந்து நடந்து நில்லுங்கள். பறவை மேய்ச்சலை நிறுத்தித் தலை தூக்கினால் அதுதான் எல்லை, அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். ஆட்காட்டி கத்தத் தொடங்கினால் மொத்தத் திட்டும் உஷாராகிவிடும். வேண்டுமென்றே கூட்டத்தைக் கிளப்பிப் படம் எடுப்பது பெரும் தீங்கு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்தவை திரும்பிப் போகக் கொழுப்புச் சேர்க்கும் காலம் இது. ஒவ்வொரு தேவையற்ற பறத்தலும் அந்தச் சேமிப்பைக் கரைக்கிறது. கோடை தொடங்கியதும் உப்பளக் கரைகளில் ஆட்காட்டியும் சில பிளவர்களும் வெறுந்தரையில் முட்டையிடும். கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. தாய் எழுந்து நம்மைச் சுற்றிச் சுற்றிக் கத்தினால் நின்ற இடத்திலேயே திரும்பி, வந்த தடத்திலேயே வெளியேறுங்கள். வெயிலில் சில நிமிடம் திறந்து கிடந்தாலே முட்டை வெந்துவிடும். கூட்டின் இடத்தைக் குழுவில்கூடப் பகிராதீர்கள். பதிவுசெய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம்.

கூட்டாகப் போகும்போது

மூன்று, நான்கு பேர் சரியான எண்ணிக்கை. எல்லோரும் கேமராவுக்குள் கண்ணை வைத்தால் தலைக்குமேல் போகும் விரால் அடிப்பானை யாரும் பார்க்க மாட்டார்கள். ஒருவர் பைனாகுலரில் அலசட்டும், ஒருவர் பட்டியல் எழுதட்டும், மற்றவர்கள் படம் எடுக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். "அங்கே, அந்த மரத்துல" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. கடிகார முள் முறையில் சொல்லுங்கள்: "பாலம் பன்னிரண்டு மணி, இரண்டு மணியில் கவிழ்ந்த படகு, அதுக்கு இடப்பக்கம் ஒரு கைப்பிடி தூரம்."

பட்டியலை, பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் (eBird) செயலியில் இடுங்கள். தொடங்கும்போதே தடப் பதிவை ஓடவிட்டால் நேரமும் தூரமும் தானாகப் பதியும். ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட இனம் அனைத்தையும் எண்ணிக்கையோடு எழுதி, முழுப்பட்டியல் என்று குறியுங்கள். காக்கையையும் மைனாவையும் விட்டுவிடக் கூடாது. ஏரி ஒரு பட்டியல், கழிமுகம் இன்னொரு பட்டியல். ஒன்றாகக் கலந்தால் எந்தப் பறவை எங்கே இருந்தது என்பது தொலையும். ஜனவரியில் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு புதியவர்கள் சேர நல்ல வாசல்.

எண்ணெய் படிந்த பறவையைக் கண்டால் பிடித்துக் கழுவ முயலாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்களின் சிறகெல்லாம் கறுத்துப்போனது. தூரத்திலிருந்து படமெடுத்து, இடத்தையும் நேரத்தையும் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

எண்ணூர்க் காற்றில் உப்பும் சாம்பல் தூசியும் சேர்ந்தே இருக்கும். அங்கே லென்ஸைக் கழற்றி மாற்றவே கூடாது. சாம்பல் துகள் கண்ணாடித்தூள் போன்றது. துணியால் நேரே துடைத்தால் லென்ஸின் பூச்சில் கீறல் விழும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, மென் தூரிகையால் தட்டி, அதன் பிறகுதான் துணி. கேமராவின் உடம்புப் பகுதியை நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உப்பை எடுத்துவிட்டுக் காயவிடுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே போகும்போது கேமராவை அரைமணி நேரம் பைக்குள்ளேயே விட்டுவையுங்கள், இல்லையென்றால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும்.

பட்டியலின் குறிப்புப் பகுதியில் அன்றைய திதி, போய்ச் சேர்ந்த நேரம், பாலத்தூணில் ஈரக்கோடு எங்கே இருந்தது, சேறு எத்தனை மணிக்கு மூடியது ஆகியவற்றை ஒரு வரியில் எழுதிவையுங்கள். அக்டோபரில் தொடங்கினால் மார்ச்சுக்குள் உங்கள் இடத்துக்கென்றே ஓர் அட்டவணை கையில் இருக்கும்.